எந்தக் கோர்ட்டில் நிற்கப் போகிறீர்கள்?

தாம்பரம் ரயில் நிலையத்திலிருந்து வடக்கே சுமார் 30 கிலோமீட்டர் போனால் கடற்கரை நிலையம். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் உயர் நீதிமன்றம். தெற்கே ஏறக்குறைய அதே தூரம் போனால் செங்கல்பட்டு. அங்கே மாவட்ட நீதிமன்றம். காலை வேளையில் இரண்டு திசை மின்ரயில்களிலும் வெள்ளைச் சட்டையும் கையில் மடித்த கறுப்புக் கோட்டுமாக வக்கீல்கள் ஏறுகிறார்கள்.

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததும் சேலையூரிலும் குரோம்பேட்டையிலும் பெருங்களத்தூரிலும் சட்டம் படிக்க நினைக்கும் பிள்ளைகளின் வீடுகளில் ஒரே கேள்விதான் ஓடும்: எது நல்ல காலேஜ்? மகளோ மகனோ படித்து முடித்தபின் இந்த இரண்டு ரயில்களில் எதில் ஏறப் போகிறார் என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்விதான் முதலில் வர வேண்டும். அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் கல்லூரியைப் பற்றிய குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

முகவரியில் சென்னை, வழக்கில் செங்கல்பட்டு

தாம்பரத்துக்காரர்கள் தங்களைச் சென்னைக்காரர்கள் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். தவறில்லை. ஆனால் நீதிமன்றக் கணக்கில் தாம்பரம் செங்கல்பட்டு மாவட்டம். 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து செங்கல்பட்டு தனி மாவட்டமானது. அதற்கு வெகுகாலம் முன்பே, காஞ்சிபுரம் மாவட்டமாக இருந்தபோதும், மாவட்ட நீதிமன்றம் செங்கல்பட்டில்தான் இருந்தது. 2021ல் தாம்பரம் மாநகராட்சி ஆனது, 2022 ஜனவரியில் தனிப் போலீஸ் கமிஷனரேட் வந்தது. இவற்றால் இந்த எல்லை மாறவில்லை.

சட்டம் படிக்கப் போகிறவருக்கு இது ஏன் முக்கியம்? மும்பை, கொல்கத்தா உயர் நீதிமன்றங்களைப் போல மெட்ராஸ் உயர் நீதிமன்றத்துக்கும் ஒரு பழைய சிறப்பு அதிகாரம் உண்டு. சென்னை நகர எல்லைக்குள் எழும் பெரிய தொகை சிவில் வழக்குகளை, கீழ்க்கோர்ட்டுக்குப் போகாமல், அதுவே நேரடியாக விசாரிக்கும். வக்கீல்கள் இதை ‘ஒரிஜினல் சைடு’ என்பார்கள். மயிலாப்பூரில் ஒரு வீட்டுக்குப் பாகப்பிரிவினை வழக்கு என்றால், மதிப்பைப் பொறுத்து அது அங்கே போகலாம். சேலையூரில் அதைவிட விலை கூடிய நிலமாக இருந்தாலும் வழக்கு அங்கே போகாது. அசையாச் சொத்து எங்கே இருக்கிறதோ அந்த எல்லைக்குரிய கோர்ட்டில்தான் வழக்குப் போட வேண்டும் என்கிறது சிவில் நடைமுறைச் சட்டத்தின் 16வது பிரிவு. சேலையூர் நிலத்துக்குத் தாம்பரம் முன்சீப் கோர்ட்டிலிருந்து செங்கல்பட்டு வரைதான் பாதை. மேல்முறையீடும், மாநகராட்சி மீதோ அரசின் மீதோ போடும் ரிட்டும் மட்டும்தான் பாரிமுனையில் உள்ள உயர் நீதிமன்றத்துக்குப் போகும்.

இந்தப் புறநகரின் வழக்குகள் எப்படிப்பட்டவை என்று பாருங்கள். ஏரியை ஒட்டிய பட்டா, புறம்போக்குத் தகராறு, ஒரே மனையை இரண்டு பேருக்கு எழுதிக்கொடுத்த பத்திரம், தாத்தா விட்டுப்போன நிலத்துக்கு ஏழு வாரிசு. ஜி.எஸ்.டி. சாலை விபத்துகளுக்கு நஷ்டஈடு. சானடோரியத்தில் 1984 முதல் இயங்கும் ஏற்றுமதி மண்டலமான மெப்ஸின் தொழிலாளர் பிரச்சினைகள். 2015 வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபின் நீர்வழிகளை மறித்த கட்டடங்களைப் பற்றி எழுந்த கேள்விகள். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்காகப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை போன வழக்குகள். ஒரு வக்கீலின் வாழ்நாள் முழுவதற்கும் போதுமான வேலை, அதுவும் ஊருக்கு மிகவும் தேவையான வேலை, இங்கேயே இருக்கிறது. செங்கல்பட்டில் தொழில் செய்வதை ஒரு படி கீழான வாழ்க்கையாக நினைத்துப் பிள்ளையை வளர்க்கக் கூடாது.

பட்டம் ஒன்றே, வாசல் எல்லாம்

சட்டப்படி பார்த்தால், எங்கே படித்தாலும் எங்கேயும் வாதாடலாம். 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 30வது பிரிவு நாடு முழுவதும் தொழில் செய்யும் உரிமையைத் தருகிறது. சட்டம் வந்து 50 ஆண்டுகள் கழித்து, 2011 ஜூனில்தான் அந்தப் பிரிவு நடைமுறைக்கு வந்தது. பட்டம் முடித்து, உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு செய்து, அகில இந்திய பார் தேர்வில் தேறினால் போதும். தாம்பரத்திலும் நிற்கலாம், தில்லியிலும் நிற்கலாம். பதிவுக் கட்டணமும் இப்போது பயமுறுத்தாது. பல மாநிலங்களில் பல ஆயிரங்களாக ஏறியிருந்த கட்டணத்தை, பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய் என்ற சட்டத்தின் அளவுக்கே 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் கொண்டுவந்தது.

வெளிநாட்டில் நிலைமை இப்படி இல்லை. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் தனி உரிமம் வேண்டும். விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள இரண்டு சட்டக் கல்லூரிகளில் ஒன்றில் படித்தால் அந்த மாநிலத்தில் பார் தேர்வே எழுத வேண்டாம். வேறு மாநிலத்தில் படித்தவருக்கு அந்தச் சலுகை கிடையாது. இலங்கையில் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தாலும், யாழ்ப்பாணத்துப் பட்டதாரியாக இருந்தாலும், 1874ல் தொடங்கிய கொழும்புச் சட்டக் கல்லூரியின் தேர்வுகளைக் கடந்தாக வேண்டும். அங்கெல்லாம் தொழில் செய்யும் இடம் எது என்பது சட்டத்தாலேயே கல்லூரியோடு கட்டப்பட்டிருக்கிறது.

இங்கே அந்தக் கட்டு இல்லை. ஆனாலும் படித்த இடம் நம்மை ஒரு கோர்ட்டின் பக்கம் தள்ளத்தான் செய்கிறது. எந்த சீனியர்களைப் பார்க்கிறோம், எந்த மொழியில் மனு எழுதப் பழகுகிறோம், கூடப் படித்தவர்கள் எங்கே போகிறார்கள், படித்து முடிக்கும்போது தலையில் எவ்வளவு கடன் இருக்கிறது என்பவைதான் தள்ளுகின்றன.

பக்கத்தில் இருந்த கல்லூரி

நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சென்னையில் இந்தக் குழப்பமே இருந்ததில்லை. 1891ல் தொடங்கிய மெட்ராஸ் சட்டக் கல்லூரியும், 1892ல் திறந்த இப்போதைய உயர் நீதிமன்றக் கட்டடமும் அடுத்தடுத்த வளாகங்கள். வகுப்பு முடிந்த மாணவர் நடந்தே கோர்ட் ஹாலுக்குள் போய்ப் பின்வரிசையில் உட்காரலாம். ஒரு பெரிய வக்கீல் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வதைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் தம்பு செட்டித் தெருவிலோ அரண்மனைக்காரத் தெருவிலோ ஓர் அலுவலகத்தில் ஜூனியராக எடுபிடி வேலை செய்து தொழிலைக் கற்றுக்கொள்ளலாம். பாடப் புத்தகத்தில் கிடைக்காத பாதிக் கல்வி அந்தக் குறுகிய தெருக்களில் நடந்தது.

அங்கே படித்தவர்கள் எல்லாரும் அங்கேயே தங்கிவிடவும் இல்லை. வி.ஆர்.கிருஷ்ணய்யர் இங்கே சட்டம் படித்து, அன்றைய மலபார் மாவட்டத்துத் தலச்சேரிக்குப் போய், 1930களின் பிற்பகுதியில் அங்கே தொழிலைத் தொடங்கினார். விவசாயிகளுக்காகவும் தொழிலாளிகளுக்காகவும் வாதாடிய அந்தச் சின்ன ஊர் கோர்ட்டிலிருந்து கேரள அமைச்சரவைக்கும், 1973ல் உச்ச நீதிமன்றத்துக்கும் போனார். மறுபக்கம், ஈரோடு மாவட்டத்தின் காடப்பநல்லூர் கிராமத்திலிருந்து இந்தக் கல்லூரிக்கு வந்த ப.சதாசிவம், சென்னையிலேயே வக்கீலாகி, நீதிபதியாகி, 2013ல் இந்தியாவின் தலைமை நீதிபதி ஆனார். கல்லூரி ஒன்றுதான். போய்ச் சேரும் இடத்தை இருவரும் தாங்களே தேர்ந்துகொண்டார்கள்.

2008 நவம்பர் 12 அன்று கல்லூரி வாசலில் மாணவர்களுக்குள் நடந்த மோதலைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களால் மறக்க முடியாது. அதை விசாரித்த நீதிபதி பி.சண்முகம் ஆணையம் கல்லூரியை அங்கிருந்து மாற்றப் பரிந்துரைத்தது. மாணவர்கள் எதிர்த்துப் போராடினார்கள். ஆனாலும் 2018ல், டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி என்று பெயர் மாறியிருந்த அந்தக் கல்லூரி இரண்டாகப் பிரிந்து, ஒன்று திருவள்ளூர் மாவட்டம் பட்டரைப்பெரும்புதூருக்கும், மற்றொன்று வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் ஆஞ்சநேயர் மலைக்கோயிலால் பெயர் பெற்ற புதுப்பாக்கத்துக்கும் போனது.

இதைச் சட்டக் கல்விக்கு நேர்ந்த இழப்பாகவே நான் பார்க்கிறேன். கட்டடங்கள் புதியவை, இடம் தாராளம், வன்முறை குறைய வேண்டும் என்ற நோக்கமும் நியாயமானது. ஆனால் கோர்ட்டைத் தினமும் கண்ணால் பார்த்து வளரும் வாய்ப்பு, வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்த மிகப் பெரிய உதவித்தொகையாக இருந்தது. அப்பா வக்கீலாக இருக்கும் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு வீட்டிலேயே கிடைத்துவிடும். தூரத்தால் அடிபட்டது முதல் தலைமுறைப் பட்டதாரிதான்.

தென்சென்னைப் புறநகருக்கு மட்டும் இதில் ஒரு பக்க நன்மை வந்து சேர்ந்தது. தாம்பரத்திலிருந்து வண்டலூர் வழியாகப் பஸ் பிடித்தால் புதுப்பாக்கம் போய்விடலாம். செங்கல்பட்டில் இன்னோர் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது, அதற்கு ரயிலே போதும். டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளி பெருங்குடி வளாகத்தில் இருக்கிறது, வேளச்சேரி வழியாகப் போகலாம். மூன்றுக்கும் வீட்டிலிருந்தே போய் வரலாம், ஹாஸ்டல் செலவு இல்லை. அரசுக் கல்லூரிக் கட்டணமும் ஒரு நடுத்தரக் குடும்பத்தைக் கடனில் தள்ளாது. இவற்றுக்கு நுழைவுத் தேர்வு இல்லை, மதிப்பெண்ணும் இட ஒதுக்கீடும்தான் அளவு. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021ஆம் ஆண்டுச் சட்டம் தந்த 7.5 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு சட்டப் படிப்புக்கும் உண்டு. இந்த விவரம் இன்னும் பல பள்ளி வாசல்களைப் போய்ச் சேரவில்லை என்பது வருத்தம்.

தமிழ்நாட்டில், செங்கல்பட்டிலோ சென்னையிலோ கோர்ட்டில் நின்று வாதாட வேண்டும் என்று விரும்பும் பிள்ளைக்கு என் தயக்கமில்லாத பதில் இதுதான்: இந்த மூன்றில் ஒன்று கிடைத்தால் சேர்ந்துவிடுங்கள்.

கடன் காட்டும் திசை

வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் வரையிலும், காட்டாங்குளத்தூரிலும் படூரிலும் தனியார் பல்கலைக்கழகங்களின் சட்டத் துறைகள் வரிசையாக இருக்கின்றன. நல்ல நூலகம், மூட் கோர்ட் அரங்கம், இன்டர்ன்ஷிப் ஏற்பாடு எல்லாம் காட்டுவார்கள். சிலவற்றில் உண்மையிலேயே நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஐந்து ஆண்டுக்கும் சேர்த்துப் பல லட்சம் ஆகும், அதில் பெரும்பகுதி வங்கிக் கடனாக இருக்கும்.

ஒரு ஜூனியரின் வருமானத்தையும் அப்போது பார்க்க வேண்டும். 2024 ஜூனில் உயர் நீதிமன்ற நீதிபதிகள் எஸ்.எம்.சுப்பிரமணியம், சி.குமரப்பன் அமர்வு, ஜூனியர் வக்கீல்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாய்க்கும், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய்க்கும் குறையாமல் தர வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பும்படி பார் கவுன்சிலுக்குச் சொன்னது. வழக்கறிஞர் தொழில் கண்ட மிக முக்கியமான உத்தரவுகளில் ஒன்று அது. அப்படியும் எல்லா அலுவலகங்களிலும் அந்தத் தொகை வந்துவிடவில்லை. பஸ் காசும் மதியச் சாப்பாடும் மட்டும் தேறுகிற அலுவலகங்கள் இன்றும் உண்டு. 2020ல் தமிழக அரசு இளம் வக்கீல்களுக்கு இரண்டு ஆண்டுகள் மாதம் 3,000 ரூபாய் தரும் திட்டத்தைக் கொண்டுவந்ததே இந்த நிலையைப் பார்த்துத்தான்.

படிப்பு முடிந்ததும் மாதத் தவணை கட்டியாக வேண்டிய ஒருவரால் இந்த வருமானத்தில் மூன்று நான்கு ஆண்டுகள் தாக்குப்பிடிக்க முடியாது. கோர்ட்டுக்குப் போக ஆசைப்பட்டு வந்தவர் கம்பெனி வேலைக்குப் போய்விடுவார். கம்பெனி வேலை கேவலமானதல்ல. ஆனால் அந்தத் தேர்வை அவர் செய்யவில்லை, கடன் செய்திருக்கிறது. கம்பெனி சட்டத்தில்தான் விருப்பம், பழைய மகாபலிபுரம் சாலை ஐ.டி. நிறுவனங்களின் ஒப்பந்த வேலை, திவால் தீர்ப்பாயம், மும்பை பெங்களூரு சட்ட நிறுவனங்கள் என்று முன்பே முடிவு செய்தவருக்குக் கணக்கு வேறு. அவர் கடன் வாங்கலாம். ஆனால் அவர் முதலில் குறிவைக்க வேண்டியது தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களை.

1987ல் பெங்களூருவில் மாதவ மேனன் தொடங்கிவைத்த மாதிரி அது. தமிழ்நாட்டில் அப்படி ஒன்று திருச்சி நவலூர்குட்டப்பட்டில் 2013 முதல் நடக்கிறது. கிளாட் தேர்வு எழுத வேண்டும், அதுவும் ஆங்கிலத்தில் மட்டும். பெரிய நிறுவனங்கள் ஆள் எடுக்க முதலில் வருவது இந்த வளாகங்களுக்குத்தான். அங்கே படித்தவர்களின் கூட்டாளிகள் தில்லியிலும் மும்பையிலும் பரவியிருப்பார்கள். உச்ச நீதிமன்றத்தில் நிற்க ஆசைப்படுகிறவருக்கு அந்தப் பழக்கம் பெரிய பலம். அதே மாணவர் பிறகு செங்கல்பட்டுக்குத் திரும்ப நினைத்தால், அங்கே ஒரு முகமும் தெரியாமல் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும்.

எந்த மொழியில் வாதாடுவீர்கள்?

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது எவரும் பேசாத விஷயம் மொழி. தமிழ்நாட்டின் கீழமை நீதிமன்றங்களின் மொழி தமிழ். சாட்சி சொல்வது தமிழில், வாக்குமூலம் தமிழில், தாய்ப் பத்திரமும் வில்லங்கச் சான்றும் தமிழில். உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 348வது பிரிவுப்படி ஆங்கிலம். அங்கும் தமிழ் வேண்டும் என்று சட்டப்பேரவை 2006ல் தீர்மானம் போட்டும் இன்றுவரை வரவில்லை. ஆக, பாரிமுனைக்குப் போகிறவருக்கு ஆங்கிலம் தடுமாறக் கூடாது. செங்கல்பட்டுக்குப் போகிறவருக்குத் தமிழ் தடுமாறக் கூடாது. நான்கு எல்லைகளையும் சர்வே எண்ணையும் பிழையில்லாமல் எழுதி ஒரு தமிழ்ப் பிராது தயாரிக்கத் தெரியாத வக்கீலிடம் மண்ணிவாக்கத்து விவசாயி வழக்கைத் தர மாட்டார்.

நீதிபதி ஆக விரும்புகிறவருக்கு இரண்டும் வேண்டும். சிவில் நீதிபதி பதவிக்கான டி.என்.பி.எஸ்.சி. முதன்மைத் தேர்வில் மொழிபெயர்ப்புக்கென்றே ஒரு தாள் உண்டு. 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் மூன்று ஆண்டு வக்கீல் அனுபவத்தை மீண்டும் கட்டாயமாக்கிவிட்டது. படித்து முடித்த கையோடு கோச்சிங் சென்டரில் உட்கார்ந்து நீதிபதி ஆகிவிடலாம் என்ற கணக்கு இனி நடக்காது. அந்த மூன்று ஆண்டும் எந்த சீனியரிடம், எந்தக் கோர்ட்டில் என்பதைக் கல்லூரியில் சேரும்போதே யோசிக்க வேண்டும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வகுப்புக்கே போகாமல் வேறு மாநிலத்தில் வாங்கிவரும் பட்டங்களைப் பற்றி இந்தப் பகுதியில் எல்லாருக்கும் தெரியும். ரியல் எஸ்டேட் தொழிலில் இருப்பவர் காரில் ஒட்டும் ஸ்டிக்கருக்காக வாங்குவதும் உண்டு. உயர் நீதிமன்றம் பலமுறை கண்டித்திருக்கிறது. இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு விதிகள் 70 சதவீத வருகைப் பதிவைக் கேட்கின்றன. வருகை கேட்காத கல்லூரி என்று எவராவது பரிந்துரைத்தால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். அந்தப் பட்டத்தை நம்பி நாளை நிலத்தை இழக்கப் போகிறவர் இதே ஊர்க்காரர்தான்.

சேர்வதற்கு முன்னும் பின்னும்

அந்த விதிகளிலேயே மாணவருக்கு நல்ல பயன் தரும் ஒரு பகுதி இருக்கிறது. ஐந்தாண்டுப் படிப்பில் மொத்தம் 20 வாரமும், மூன்றாண்டுப் படிப்பில் 12 வாரமும் இன்டர்ன்ஷிப் செய்தாக வேண்டும். பலர் இதை ஒரு சான்றிதழாக முடித்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். முதல் ஆண்டு தாம்பரத்தில் விசாரணைக் கோர்ட்டில் தொழில் செய்யும் வக்கீலிடம், அடுத்த ஆண்டு செங்கல்பட்டில், பிறகு உயர் நீதிமன்ற அலுவலகம் ஒன்றில், கடைசியில் ஒரு கம்பெனியிலோ தீர்ப்பாயத்திலோ என்று பிரித்துக்கொண்டால், ஐந்தாம் ஆண்டு முடிவதற்குள் எந்த இடம் தனக்கானது என்பது அனுபவமாகத் தெரிந்துவிடும். கோர்ட்டிலிருந்து விலகிப்போன கல்லூரிகளின் குறையை ஓரளவுக்காவது ஈடுகட்ட எனக்குத் தெரிந்த ஒரே வழி இது.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. சாயங்காலம் ஆறு மணிக்குத் தொடங்கும் பாரிமுனை அலுவலகங்கள் பலவற்றில் வழக்குக் கட்டுகளைப் பார்த்து முடிக்க ஒன்பது மணி ஆகிவிடும். அதன்பிறகு தாம்பரம் வந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வீடு சேர வேண்டும். இந்தக் கவலைக்காக உயர் நீதிமன்றமே வேண்டாம் என்று மகளைத் தடுப்பது பெரிய அநியாயம். ஜூனியராகச் சேரும்போதே நேரத்தைப் பேசி முடிவு செய்யும் உரிமை அவருக்கு உண்டு. வரைவு வேலையை வீட்டிலிருந்தே அனுப்ப அனுமதிக்கும் சீனியர்கள் கொரோனாவுக்குப் பிறகு அதிகம். அப்படிப்பட்ட அலுவலகத்தைத் தேடுங்கள்.

இப்போது சேர்கிறவர்களுக்கு ஒரு நல்ல காலமும் வாய்த்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றுக்கும் பதிலாகப் புதிய சட்டங்கள் வந்துவிட்டன. முப்பது ஆண்டு அனுபவமுள்ள சீனியரும் பிரிவு எண்களைப் புதிதாகப் பார்த்துத்தான் சொல்கிறார். புதிய சட்டத்தைப் பாடமாகவே படித்து வரும் ஜூனியருக்கு எந்த அலுவலகத்திலும் முதல் நாளிலிருந்தே வேலை இருக்கும்.

விண்ணப்பம் போடுவதற்கு முன் பிள்ளையை இரண்டு கோர்ட்டுக்கும் அழைத்துப் போங்கள். விசாரணை பொதுமக்கள் முன்னால்தான் நடக்க வேண்டும் என்பது சட்டம், சில வகை வழக்குகள் மட்டுமே விதிவிலக்கு. தாம்பரத்திலோ செங்கல்பட்டிலோ ஒரு கோர்ட் ஹாலில் காலை பத்தரை மணிக்குப் போய்ப் பின்னால் அமைதியாக உட்காரலாம். உயர் நீதிமன்றத்துக்கு அடையாள அட்டை எடுத்துப் போங்கள், வாசலில் அனுமதிச் சீட்டு கேட்பார்கள். ஒவ்வோர் இடத்திலும் அரை நாள் போதும். வாய்தா எப்படி வாங்குகிறார்கள், ஜூனியர்கள் எங்கே நிற்கிறார்கள், கட்சிக்காரர் எந்த மொழியில் அழுகிறார், நீதிபதியின் கேள்விக்கு யார் பதில் சொல்கிறார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள். திரும்பி வரும்போது எது நல்ல காலேஜ் என்று கேட்காமல், எந்த இடத்தில் மனசு நின்றது என்று கேளுங்கள். பதில் வந்தபிறகு விண்ணப்பப் படிவத்தை எடுத்தால் போதும்.